ஓஸியா, டியோவா? – வாசகர் கேள்வி பதில்

ராக், மெட்டல் பாடகர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் முக்கால்வாசி "இவரா, அவரா" என்ற ரகம்தான். சந்தோஷம், எனக்கும் அந்தச் சண்டை பிடிக்கும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குரல் வேறு, மேடை வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடுவதால்தான் பாதி விவாதம் முடிவே இல்லாமல் ஓடுகிறது. அதனால் முடிந்தவரை பிரித்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பிளாக் சாபத் குழுவில் ஓஸி ஆஸ்போர்ன் பெரியவரா, ரோனி ஜேம்ஸ் டியோ பெரியவரா? நண்பனுக்கும் எனக்கும் ஓயாத சண்டை. தீர்ப்பு சொல்லுங்கள்.

பதில்: குரல் மட்டும் என்றால், ஓஸிக்குப் பின் அந்தக் குழுவில் பாட வந்த டியோ. இதில் எனக்கு இழுபறியே கிடையாது. சின்ன வயதில் டிரம்பெட் வாசித்தவர், மூச்சை எப்படிச் சேர்த்து வைப்பது, எப்படிச் சிறுகச் சிறுக விடுவது என்பதெல்லாம் அங்கிருந்து வந்தது. ஆள் ரொம்பக் குள்ளம், ஆனால் வாயைத் திறந்தால் அரங்கம் நிறையும். 1980-ல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தின் தலைப்புப் பாட்டைப் போட்டுப் பாருங்கள். அவர் பாடத் தொடங்கியதும் டோனி அயோமியின் கிடார் ஒதுங்கி வழிவிடும், பேஸ் கிடார் மட்டும் கீழே ஓடிக்கொண்டிருக்கும், அதன்மேல் டியோ தனக்கென்று ஒரு மெட்டைக் கட்டிக்கொண்டு போவார்.

ஓஸி அப்படிப் பாடியவர் அல்ல. 1970-ல் வந்த 'அயன் மேன்' பாட்டில் கிடார் எந்த வழியில் போகிறதோ அதே வழியில்தான் குரலும் போகும், சுரத்துக்குச் சுரம். விரிந்த சாரீரம் கிடையாது, மூக்கைத் தொட்டுக்கொண்டு வரும் குரல். ஆனால் அந்தக் குரலில் நிஜமான பயம் இருக்கிறது. பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தில் மழையும் மணியோசையும் முடிந்து அவர் பாட ஆரம்பிக்கும் இடத்தைக் கேளுங்கள். ஓஸி பேயைப் பார்த்து நடுங்குகிறவர், டியோ பேயை ஓட்ட வந்த மந்திரவாதி. நடுங்குகிறவன் பாட வேண்டிய பாட்டை மந்திரவாதி பாடினால் எடுபடாது, அதனால்தான் டியோ பாடிய பழைய சாபத் பாட்டுகள் சுத்தமாக இருந்தும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

மேடைக்கு வந்தால் ஓஸி. டியோவும் மேடையில் சாதாரண ஆள் இல்லை, ஒவ்வொரு வரிக்கும் கை ஒரு கதை சொல்லும். இன்று மெட்டல் ரசிகர்கள் எல்லோரும் தூக்கிக் காட்டுகிற அந்தக் கொம்பு முத்திரையைப் பரப்பியதே அவர்தான். கண்ணேறு படாமல் இருக்க அவருடைய இத்தாலியப் பாட்டி காட்டிய சைகை அது. ஓஸி எப்போதும் இரண்டு விரலை விரித்து சமாதான முத்திரை காட்டுவார், அவர் இடத்துக்கு வந்தவன் அதையே காட்டக் கூடாது, எனக்கென்று ஒன்று வேண்டும் என்று டியோ இதைப் பிடித்துக்கொண்டார்.

இருந்தாலும் ஓஸியிடம் இருந்தது வேறு. 2025 ஜூலை 5 அன்று, அவர் பிறந்து வளர்ந்த பர்மிங்காமில், வில்லா பார்க் மைதானத்தில் கடைசிக் கச்சேரி. பார்க்கின்சன் நோயால் நடக்க முடியாது, கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியேதான் பாடினார். சுருதி அங்கங்கே நழுவியது. எழுந்து நிற்க உடம்பு முன்னால் முன்னால் வருகிறது, கால் ஒத்துழைக்கவில்லை, கண்ணை உருட்டிக் கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தட்டச் சொல்கிறார், மொத்த மைதானமும் அழுதுகொண்டே பாடுகிறது. பதினேழு நாள் கழித்து, ஜூலை 22-ல், போய்விட்டார். நாற்காலியை விட்டு எழாமல் ஒரு மைதானத்தைக் கட்டிப்போட முடிந்தவரை மேடையில் யாரோடு ஒப்பிடுவது? உங்கள் நண்பர் எந்தக் கட்சி என்று எழுதவில்லையே!

கேள்வி: யார் குரலுக்கு எத்தனை ஆக்டேவ் (ஸ்தாயி) என்று ஒரு பட்டியல் பார்த்தேன். கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஆக்ஸல் ரோஸ் முதலிடம். அப்படியானால் அவர்தானே சிறந்த பாடகர்?

பதில்: 2014-ல் சுற்றிய பட்டியல் அது. அது வந்த கொஞ்ச நாளிலேயே வேறொருவர் கணக்குப் போட்டு ஃபெய்த் நோ மோர் குழுவின் மைக் பாட்டனை மேலே கொண்டுபோனார். இந்தக் கணக்கெல்லாம் ஒரு பாடகர் ஒலிப்பதிவில் எங்கோ ஓரிடத்தில் தொட்ட அடிச் சுரத்தையும் உச்சிச் சுரத்தையும் எடுத்துக்கொண்டு நடுவில் கோடு போடுவதுதான். ஒரு விநாடி கிறீச்சென்று கேட்டாலும் அதில் சேர்த்தி.

ஆக்ஸல் ரோஸ் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. கீழே ஒரு தடித்த குரல், மேலே ரம்பம் மாதிரி ஒரு குரல், இரண்டும் ஒரே ஆள் என்று நம்பவே முடியாது. நான் பார்ப்பது வேறு: பாட்டு முக்கால்வாசி நேரம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் குரல் எப்படி இருக்கிறது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எப்படிப் போகிறது, கார்வையில் நிற்கும்போது ஆடுகிறதா, வார்த்தை புரிகிறதா. சவுண்ட்கார்டன் குழுவின் கிறிஸ் கார்னெலை ஐந்து நிமிடம் கேட்டால் இந்தப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

கேள்வி: டெத் மெட்டலில் உறுமுகிறார்களே, அதெல்லாம் பாட்டா? எங்கள் பையன் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி எடுக்கிறான். தொண்டை கிழிந்துவிடாதா?

பதில்: பாட்டுத்தான், சந்தேகமே வேண்டாம். பையனைத் திட்டாதீர்கள், ஆனால் அவன் எப்படிச் செய்கிறான் என்று கவனியுங்கள்.

நாம் பேசுவதும் பாடுவதும் குரல்நாண்கள் அதிர்வதால். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது, பொய்க் குரல்நாண்கள் என்பார்கள். சாதாரணமாகப் பேசும்போது அவை சும்மா இருக்கும். உறுமல் பாடகர்கள் அந்த மடிப்புகளையும் அதைச் சுற்றியுள்ள திசுக்களையும் நெருக்கிக் கொண்டுவந்து, அடிவயிற்றின் பலத்தோடு வரும் காற்றில் அதிர விடுகிறார்கள். கரகரப்பின் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. லோர்னா ஷோர் குழுவின் வில் ராமோஸ் பாடும்போது தொண்டைக்குள் கேமரா விட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். தேர்ந்த ஆளுக்கு அங்கே எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்று அதில் கண்ணாலேயே பார்க்கலாம்.

நேரில் பக்கத்தில் நின்று கேட்டால் இன்னொரு விஷயம் தெரியும்: நல்ல உறுமல் அவ்வளவு சத்தமே இல்லை. பெரிதாக்குவது மைக். பாடகர்கள் மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் பொத்தினால் ஒலியின் மேல்பகுதி மங்கி நடுப்பகுதி தடிக்கும், உறுமல் இருப்பதைவிடப் பூதாகரமாகக் கேட்கும். கூடவே மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுத்து ஊளையிட ஆரம்பிக்கும், ஒலி அமைப்பாளர் தலையில் கை வைத்துக்கொள்வார். என்னைக் கேட்டால் அது நல்ல பழக்கம் இல்லை. கன்னிபல் கார்ப்ஸ் குழுவின் ஜார்ஜ் ஃபிஷர் மாதிரி ஆட்களுக்கு அதெல்லாம் தேவைப்பட்டதே இல்லை.

உறுமலை எப்படி எடைபோடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் தாளம். அது டிரம்மோடு ஒட்டி நிற்கிறதா, ஓடிப் பிடிக்கிறதா? அப்புறம் உயிரெழுத்துகள். ஆ, ஓ, ஈ எல்லாம் வெவ்வேறாகக் கேட்கிறதா, எல்லாமே ஒரே "ஊ"வா? டெத் குழுவின் சக் ஷுல்டினரை இந்த இரண்டுக்கும் கேளுங்கள், கத்தினாலும் வார்த்தை காதில் விழும். மூன்றாவது, கச்சேரியின் கடைசிப் பாட்டிலும் முதல் பாட்டின் குரல் இருக்கிறதா என்பது. முறை தெரியாதவர்கள் பாதியிலேயே காற்றாகிவிடுவார்கள். ஓபெத் குழுவின் மிக்கேல் ஆக்கர்ஃபெல்ட் ஒரே பாட்டில் உறுமலும் தேன் குரலும் மாறி மாறிப் பாடுவார். 2003-ல் 'டாம்னேஷன்' என்று உறுமலே இல்லாமல் ஒரு ஆல்பம் முழுக்கப் பாடினார். அதைக் கேட்ட பிறகு, இவருக்குப் பாட வராததால்தான் உறுமினார் என்று யாரும் சொல்ல முடியாது.

பையன் விஷயம்: வலித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாள் பேச்சுக் குரல் கம்மினால் முறை தப்பு. ஒரு பாட்டு ஆசிரியரிடம் மூச்சுப் பழக்கம் மட்டுமாவது கற்றுக்கொள்ளட்டும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே 1991 வாக்கில் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனவர்தான். அப்புறம் மேடையேறுமுன் குரலைப் பதப்படுத்துவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

கேள்வி: ஐயன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன், ஜூடாஸ் பிரீஸ்டின் ராப் ஹால்ஃபோர்ட். ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால்?

பதில்: ஒலிப்பதிவுக்கு ஹால்ஃபோர்ட், கச்சேரிக்கு டிக்கின்சன். நழுவுகிற பதில் என்று நினைக்காதீர்கள், உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறேன்.

ஹால்ஃபோர்டிடம் பல குரல்கள் இருக்கின்றன. 1976-ல் வந்த 'விக்டிம் ஆஃப் சேஞ்சஸ்' பாட்டில் கனத்த நடுக்குரலும் உச்சிக்குப் போகும் கள்ளக்குரலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். 1990-ல் 'பெயின்கில்லர்' வந்தபோது அவருக்கு 39 வயது. அந்த வயதில் பலரும் சுருதியை இறக்கிக்கொண்டிருப்பார்கள், இவர் பாட்டு முழுவதையும் உச்சியிலேயே வைத்து, அதுவும் கீறலோடு, பாடினார். மேடையில் தோலாடை, ஆணிகள், மோட்டார் சைக்கிளில் நுழைவது என்று மெட்டலுக்கு ஒரு உடுப்பையே கொடுத்தவரும் அவர்தான். ஆனால் பாட ஆரம்பித்துவிட்டால் அதிகம் அலட்டிக்கொள்ள மாட்டார். இடுப்பை வளைத்துக் குனிந்து, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துப் பாடுவார். அந்த உச்சிச் சுரங்களுக்கு அந்த நிலை தேவைப்படுகிறது என்று நினைக்கிறேன்.

டிக்கின்சன் குனிவதே இல்லை. கால் ஒன்று தரையில் இருக்கும் ஸ்பீக்கரின்மேல், கண் கடைசி வரிசையில். வாள்சண்டை பயின்றவர் என்பதால் காலடியில் ஒரு துள்ளல் உண்டு. ஓடிக்கொண்டே பாடுவார், மூச்சு வாங்காது. ஐயன் மெய்டனோடு அவர் பாடிய முதல் ஆல்பம் 1982-ல் வந்தது, 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்'. அந்தத் தலைப்புப் பாட்டின் முதல் சில வரிகளைத் தயாரிப்பாளர் மார்ட்டின் பிர்ச் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பப் பாட வைத்தார், ஓங்கிக் கத்தாமல் அடக்கி, அந்த அடக்கத்திலேயே அனல் இருக்க வேண்டும் என்று. அந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து வெளியே வந்ததுதான் வரிகள் முடிந்ததும் வருகிற நீண்ட அலறல். 2015-ல் நாக்கடியில் வந்த புற்றுநோயிலிருந்து மீண்டு, அடுத்த ஆண்டே உலகச் சுற்றுப்பயணம் கிளம்பினார், குழுவின் போயிங் 747 விமானத்தை ஓட்டியதும் அவரே. பாடகராகவே எடுத்துக்கொண்டாலும், கதிர்வீச்சு வாங்கிய தொண்டையோடு பழைய பாட்டுகளுக்குத் திரும்பினார் என்பது எனக்கு இன்றும் நம்ப முடியாத விஷயம்.

கேள்வி: ஐயன் மெய்டனில் பிளேஸ் பெய்லி ஏன் எடுபடவில்லை? திறமை குறைவா?

பதில்: இல்லை, இந்த மனிதருக்கு நடந்தது அநியாயம். டிக்கின்சன் 1993-ல் விலகியதும் 1994-ல் வந்தார், 1999 வரை இருந்தார். அவருடையது கீழ் ஸ்தாயியில் அழகாக நிற்கும் இருண்ட குரல். மேடையில் அவரை நிறுத்தி, டிக்கின்சனின் உச்சிக் குரலுக்கென்று செய்த பாட்டுகளைச் சுருதி மாற்றாமல் பாட வைத்தார்கள். இரண்டு கட்டை இறக்கியிருந்தால் கதையே வேறு. அவருக்காகவே எழுதிய 'சைன் ஆஃப் த கிராஸ்', 'தி கிளான்ஸ்மேன்' இரண்டையும் பின்னால் டிக்கின்சனே மேடையில் பாடினார், ரசிகர்கள் கொண்டாடினார்கள். பாட்டில் குறை இல்லை, பாடியவரிடமும் குறை இல்லை, பொருத்தத்தில்தான் குறை.

ஜூடாஸ் பிரீஸ்டில் இதற்கு நேர் எதிராக நடந்தது. ஹால்ஃபோர்ட் இல்லாத காலத்தில், 1996-ல், டிம் ஓவன்ஸ் வந்தார். பிரீஸ்ட் பாட்டுகளையே பாடித் திரிந்த ரசிகர் அவர், ஒரு சுரம் விடாமல் எல்லாவற்றையும் பாடிக் காட்டினார். குரல் பொருந்தியது. ஆனால் கூட்டம் பார்க்க வந்தது ஹால்ஃபோர்டை. 2003-ல் ஹால்ஃபோர்ட் திரும்பினார், ஓவன்ஸ் போக வேண்டியதாயிற்று.

கேள்வி: மேடை ஆளுமை என்றால் ஓடுவது, குதிப்பது, நெருப்பு விடுவதுதானா?

பதில்: கிடையவே கிடையாது. டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனன் மேடையின் பின்பக்கம், டிரம்முக்குப் பக்கத்தில், இருட்டில் நின்று பாடுவார். முகம்கூடச் சரியாகத் தெரியாது, நிழல் மட்டும் வளைந்து நெளியும். கண் அந்த நிழலை விட்டு நகராது. மோட்டர்ஹெட்டின் லெம்மி மைக்கைத் தலைக்கு மேலே உயர்த்திக் கீழ்நோக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, அண்ணாந்து பார்த்தபடியே பாடுவார், நின்ற இடம் நின்ற இடம்தான். 1993 நவம்பரில் நியூயார்க்கில் பதிவான நிர்வாணாவின் அன்பிளக்டு நிகழ்ச்சியில் கர்ட் கோபேன் ஒரு நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான்.

நெருப்புக்கு ராம்ஸ்டைனின் டில் லிண்டமன் இருக்கிறார். அவரும் நெருப்பு அணைந்த பிறகு அசையாமல் நின்று அந்த அடிக்குரலில் ஒரு வரி சொல்லும்போதுதான் எனக்குச் சிலிர்க்கும்.

கேள்வி: ஃப்ரெடி மெர்குரியைத் தாண்டி யாராவது உண்டா?

பதில்: குரலில் அவருக்குச் சமமாகச் சிலரைச் சொல்லலாம். குரலும் மேடையும் சேர்த்து என்றால் யாரும் இல்லை. 2016-ல் வந்த ஓர் ஆய்வில் அவருடைய பேட்டிகளையும் பாட்டுகளையும் அளந்து பார்த்தார்கள். பேச்சுக் குரல் பாரிட்டோன், அதாவது நடுத்தர ஆண்குரல், ஆனால் வாழ்நாள் முழுக்க அதற்கு மேலே ஏறிப் பாடியிருக்கிறார். குரலின் அதிர்வும் மற்றப் பாடகர்களைவிட வேகம். முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்ததைச் சரிசெய்யாமலே விட்டார், குரல் மாறிவிடுமோ என்ற பயம்.

1985 ஜூலை 13, வெம்ப்ளி மைதானம், லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரி. சுமார் 72,000 பேர், அவருடைய குவீன் குழுவுக்குக் கிடைத்தது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். கையில் அடிப்பாகம் இல்லாத பாதி மைக் ஸ்டாண்ட். இரண்டு பாட்டுகளுக்கு நடுவே தனியாக "ஏஏ... ஓ" என்று பாடுகிறார், கூட்டம் திருப்பிப் பாடுகிறது. அவர் செய்வதைக் கவனியுங்கள். முதலில் யாராலும் பாட முடிந்த துண்டு. பிறகு ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிறார், கூட்டமும் பிடிக்கிறது. அப்புறம் வேகமாக உருட்டிவிடுகிறார். பகல் வெளிச்சத்தில், விளக்கு ஜாலம் எதுவும் இல்லாமல், மற்றக் குழுக்களைப் பார்க்க வந்த கூட்டத்தையும் சேர்த்துப் பாடகர்களாக்கிவிட்டார். நல்ல குரல் உள்ளவர்கள் நிறையப் பேர் கூட்டத்துக்குப் பாடிக் காட்டுவார்கள், கூட்டத்தைப் பாட வைக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

கேள்வி: பெண் பாடகிகள் ஒருவரைக்கூட நீங்கள் சொல்வதில்லையே?

பதில்: நியாயமான கோபம். 1967 மான்டரே விழாவில் ஜானிஸ் ஜாப்ளின் பாடியதைப் பாருங்கள், கால் தரையைக் குத்திக்கொண்டே இருக்கும், குரல் உடைகிற இடத்தையே ஆயுதமாக வைத்துக்கொள்வார். மூன்றே வருடத்தில், 27 வயதில் போய்விட்டார். ஆர்ச் எனிமியில் ஏஞ்சலா காசோ 2000-ல் வந்தபோது உறுமல் ஆண்களின் சொத்து என்று நினைத்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இன்று உக்ரைனின் ஜின்ஜர் குழுவில் தாத்தியானா ஷ்மைலுக் 'பைசீஸ்' பாட்டில் குழைவான குரலிலிருந்து உறுமலுக்கு ஒரே மூச்சில் தாவுவதைக் கேட்டால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள்.

எனக்கு மிகப் பிடித்தவர் ஃப்ளோர் யான்சன். நைட்விஷ் குழு 2012-ல் சுற்றுப்பயணத்தின் நடுவில் பாடகியை இழந்தது. ஓரிரு நாள் அவகாசத்தில் இவர் பறந்து வந்து பாட்டுகளைப் படித்து மேடையேறினார். அடுத்த ஆண்டு ஜெர்மனியின் வாக்கன் விழாவில் 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' பாடியது பதிவாகியிருக்கிறது. முன்பு அந்தக் குழுவில் இருந்த தார்யா துருனென் ஓபரா முறையில் பாடிய பாட்டு அது, இவர் அதில் ராக் குரலையும் கலந்து, கடைசி ஏற்றத்தில் தனதாக்கிக்கொண்டார். தார்யாவின் குரல் இதைவிடத் துல்லியம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் பாட்டு முடிந்த நொடியில் ஃப்ளோரின் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: வயதானதும் சுருதி இறக்கிப் பாடுவது ஏமாற்று வேலைதானே?

பதில்: இல்லை. மெட்டாலிகா பல வருடமாக மேடையில் அரைக்கட்டை இறக்கித்தான் வாசிக்கிறது, யாருக்கும் குறைந்துபோகவில்லை. பதிவு செய்த குரலை ஓட விட்டு வாயசைப்பதுதான் ஏமாற்று. பாட முடியாது என்று தெரிந்ததும் விலகுவதும் கௌரவமே. குரல்வளைக் காயம் ஆறாததால் ஸ்டீவன் டைலரின் ஏரோஸ்மித் 2024-ல் சுற்றுப்பயணங்களையே நிறுத்திக்கொண்டது.

கேள்வி: மெட்டல் என்றாலே ஓடும் என் அக்காவுக்கு ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்ட வேண்டும். எது?

பதில்: டீப் பர்ப்பிளின் 'சைல்ட் இன் டைம்', 1972-ல் ஜப்பானில் மேடையில் பதிவானது. பன்னிரண்டு நிமிடம் போகும், பாதியில் நிறுத்த விடாதீர்கள். இயன் கில்லன் கிசுகிசுப்பாக ஆரம்பிப்பார், அப்புறம் வார்த்தையே இல்லாமல் வெறும் "ஊ" மட்டும், அது "ஆ" ஆகும், அங்கிருந்து அலறலாக மாறும். மூன்று படியும் ஒரே மூச்சுக் கட்டுப்பாட்டில் நிற்கும். வயதான பிறகு அவரே இந்தப் பாட்டை மேடையில் விட்டுவிட்டார், அவ்வளவு கடினம். போனில் போடாதீர்கள், ஆரம்பம் காதில் விழாது, நல்ல ஸ்பீக்கர் வேண்டும். அக்காவுக்குப் பிடித்துவிட்டால் அடுத்து ரெயின்போவின் 'ஸ்டார்கேஸர்'. பிடிக்காவிட்டால் எழுதுங்கள், வேறு பாட்டு சொல்கிறேன்.